வலது லீடுக்காக 45 நிமிடம்

ஸ்கூலிங் (குதிரைக்குப் பயிற்சி) என்று சொல்லிக்கொண்டு அரீனாவுக்குள், அதாவது வேலியிட்ட பயிற்சி மைதானத்துக்குள், போவது, வேலியை ஒட்டியே இடமாகப் பத்துச் சுற்று, வலமாகப் பத்துச் சுற்று, நடுவில் கொஞ்சம் கேன்டர் (மூன்று தாளப் பாய்ச்சல்), அப்புறம் இறங்கிவிடுவது. பெரும்பாலான காலைகள் இப்படித்தான் கழிகின்றன. குதிரைக்கும் வேர்த்திருக்கும், சவாரிக்காரருக்கும் வேர்த்திருக்கும். உடற்பயிற்சி என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்கக் குதிரை கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வேலிப் பக்கமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

இன்றைக்கு என்ன வேண்டும் என்பது சேணம் பூட்டுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அதுவும் ஒரே வாக்கியத்தில். "கேன்டரைச் சரி பண்ணணும்" என்பது ஆசை. "வலமாகப் போகும்போது, A முனை வட்டத்தில், ட்ராட்டிலிருந்து வலது லீட் கேன்டர், எடுக்கும் முன் ட்ராட் வேகம் கூடாமல், மூன்று முறை" என்றால் அது திட்டம். (A என்பது அரீனாவின் குறுகிய பக்கத்தின் நடுவிலுள்ள குறி; ட்ராட் என்பது இரண்டு தாள ஓட்டம்; லீட் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்.) கிடைத்ததா இல்லையா என்பதை வேலிக்கு வெளியே நிற்கும் குதிரைப் பராமரிப்பாளர், அதாவது சைஸ்கூடச் சொல்லிவிட முடியும். அப்படி வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாத இலக்கு எதையும் ஒரு காலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன். குதிரை, ரேஸிலிருந்து ஓய்வு பெற்று ரைடிங் பள்ளிக்கு வந்த தரோபிரெட் (ரேஸ் குதிரை இனம்). நம் ஊர்ப் பள்ளிகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய வகை. வாக் (நடை), ட்ராட் பரவாயில்லை. இடது லீட் கேட்டவுடன் தரும். வலது கேட்டால் ட்ராட்டிலேயே விரைந்து ஓடும், கடைசியில் இடது லீடில் விழும். இடம், 20-க்கு 40 மீட்டர் அரீனா. நேரம், 45 நிமிடம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: கேன்டரில் எந்த முன்காலைக் கடைசியாக, மற்றதைவிட முன்னால் நீட்டி வைக்கிறதோ அந்தக் காலின் பெயரால்தான் லீடைச் சொல்கிறோம். வலமாகத் திரும்பும்போது வலது லீட் இருந்தால்தான் குதிரைக்குச் சமநிலை நிற்கும்.

45 நிமிடத்தை நான் பிரிப்பது இப்படி: வாக் 10, தளர்த்தும் ட்ராட் 10, வேலை 15, ஆற்றுவது 10. ஜெர்மன் பயிற்சி முறையிலும் ஒவ்வொரு சவாரிக்கும் மூன்று பாகம் உண்டு: தளர்த்தல், வேலை, ஆற்றுதல். கவனித்தால் வேலை என்று பெயர் சொல்லத்தக்கது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த 15 நிமிடத்திலும் இடைவேளைகள் அடக்கம். இதைக் கேட்டதும் பலருக்குக் காசு வீணாகிற மாதிரி இருக்கும். வாடகைக் குதிரை என்றால் இன்னும் அதிகம். ஆனால் முதல் 20 நிமிடத்தைச் சுருக்கினால் அடுத்த 15 நிமிடமும் இறுகிய முதுகோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

ஏறுவதற்கு முன் இரண்டே விஷயம். கிர்த்தை (சேணத்தின் வயிற்றுப் பட்டையை) ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. பூட்டும்போது தளர்வாக, நாலடி நடத்திவிட்டு இரண்டு துளை, ஏறி ஐந்து நிமிடம் வாக் போனபின் கடைசித் துளை. ஒரேயடியாக இறுக்கப்படும் குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், காதை மடக்கும். அந்த எரிச்சலோடுதான் அரீனாவுக்குள் நுழையும். இன்னொன்று வெயில் கணக்கு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். 130-க்குக் கீழே இருந்தால் குதிரை தன் வேர்வையாலேயே உடம்பைக் குளிர்த்திக்கொள்ளும். 150-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 180-ஐ நெருங்கினால் கடும் வேலை கூடாது. சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் காலை 6 மணிக்கு 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85 என்று வைத்துக்கொண்டால் 82-ம் 85-ம் சேர்ந்து 167. அதாவது குளுகுளுவென்று நாம் நினைக்கிற காலையே எச்சரிக்கைக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் வேலைப் பாகத்தை 15-லிருந்து 10 ஆக்குங்கள். வாக்கைக் குறைக்காதீர்கள்.

இப்போது அந்த வாக். "இந்த ஊரில் குதிரை ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கிறது, எதற்கு வார்ம்-அப்?" என்று கேட்பவர்கள் உண்டு. தோல் சூடாக இருப்பது வேறு, மூட்டும் தசைநாரும் தயாராவது வேறு. நாள் முழுக்க லாயத்தில் நின்ற குதிரைக்கு மூட்டுகளுக்குள் இருக்கும் திரவம் பரவி வேலை செய்யவே அசைவு வேண்டும். அதற்குக் குறைந்தது 10 நிமிட நடை. சைஸ் கையில் பிடித்து 5 நிமிடம் நடத்திக்கொண்டு வந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

லகானை நீளமாக விடுங்கள், ஆனால் கைவிடாதீர்கள். குதிரை கழுத்தை நீட்டித் தலையை முன்னும் பின்னும் ஆட்டி நடக்கிற அளவுக்கு இடம் இருக்க வேண்டும். செல்ஃபோன் பார்க்கவும் பக்கத்துக் குதிரைக்காரரோடு பேசவும் இதுதான் நேரம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. அன்றைய நாளின் முக்கியமான தகவல்களெல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில்தான் கிடைக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வாக் நாலு தாளம். நாலும் சமமாகக் கேட்கிறதா? மணலில் உங்கள் தடத்தையே கடந்து வரும்போது குனியாமல் பாருங்கள்: பின்குளம்பு முன்குளம்பின் தடத்திலோ அதைத் தாண்டியோ விழுந்திருக்க வேண்டும். பின்தங்கி விழுந்தால் இன்னும் தளரவில்லை, அல்லது எங்கோ வலி. மூலைகளில் எந்தப் பக்கம் தோளைச் சாய்க்கிறது? எந்தப் பக்கம் கழுத்தைத் தருவதற்கு யோசிக்கிறது? நம் குதிரை வலமாகத் திரும்பும்போது கட்டையாக இருக்கும், எடையை வலது தோளில் போடும். வலது லீட் வராத கதை வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது.

வேலியை விட்டு ஒரு மீட்டர் உள்ளே வந்து நடப்பது நல்லது. வேலி இல்லாமல் நேராகப் போகச் சொன்னால் குதிரை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். வலம், இடம் இரண்டும் சமமாக. மாற்றுவதற்கு M-X-K, H-X-F என்ற மூலைவிட்டக் கோடுகள் போதும் (X அரீனாவின் நடு; K, F, M, H நாலு மூலைகளுக்கு அருகிலுள்ள குறிகள்). கடைசி மூன்று நிமிடத்தில் லகானை மெல்லக் கையில் எடுத்து, வாக்–ஹால்ட்–வாக் நாலைந்து முறை. ஹால்ட்டில் நாலு காலும் சதுரமாக நிற்கவேண்டும் என்று இப்போதே பிடிவாதம் வேண்டாம். காலின் அழுத்தத்துக்கு ஒரு நொடிக்குள் பதில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரேஸ் குதிரைகளுக்கு ஒரு விதிவிலக்கு. சில குதிரைகள், அதுவும் முந்தின நாள் ஓய்வு கிடைத்தவை, பத்து நிமிடம் வாக்கில் பிடித்து வைத்தால் குமுறிக்கொண்டே போகும். அவற்றை 5 நிமிடத்திலேயே இலகுவான ட்ராட்டுக்கு விட்டுவிட்டு, பிறகு வாக்குக்கு வாருங்கள். அமைதி வரும்வரை நடப்பேன் என்று கையை இறுக்கிப் பிடிப்பதுதான் பல சண்டைகளின் தொடக்கம்.

தளர்த்தும் ட்ராட்டில் ரைசிங் (தாளத்துக்கு ஏற்பச் சேணத்திலிருந்து எழுந்து உட்காருவது) மட்டும். டயகனல் சரியாக இருக்க வேண்டும்: குதிரையின் வெளித்தோள் முன்னால் போகும்போது எழுந்து, அது தரைக்கு வரும்போது உட்காருவது. வெளி முன்காலோடு ஜோடியாக நகர்வது உள் பின்கால். நாம் எழுகிற நேரத்தில் அந்த உள் பின்கால் வயிற்றுக்கடியில் வரும். முதுகில் நம் எடை இல்லாததால் அதற்கு இடம் கிடைக்கும். இந்த டயகனல் விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கேன்டர் கேட்கும் கணத்தைக் கண்டுபிடிக்க இதுதான் உதவப்போகிறது. திசை மாற்றும்போது ஒரு தாளம் கூடுதலாக உட்கார்ந்தால் டயகனல் மாறிவிடும்.

உருவங்கள் பெரிதாக இருக்கட்டும். 20 மீட்டர் வட்டம், மூன்று வளைவு சர்ப்பன்டைன் (பாம்பு போல வளைந்து போகும் பாதை), நீளப் பக்கத்தில் 5 மீட்டர் உள்ளே போய் வரும் வளைவு. ஒவ்வொரு திசையிலும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

அந்த 20 மீட்டர் வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அரீனாக்களில் நான் பார்க்கிற வட்டங்களில் பாதி முட்டை, மீதி உருளைக்கிழங்கு. 20-க்கு 40 அரீனாவில் K, F, M, H எல்லாம் மூலையிலிருந்து 6 மீட்டரில் இருக்கின்றன. A முனையில் போடும் வட்டம் நீளப் பக்கத்தைத் தொடவேண்டியது மூலையிலிருந்து 10 மீட்டரில், அதாவது K-ஐயும் F-ஐயும் தாண்டி 4 மீட்டரில். எல்லாரும் K-யிலேயே வேலியைத் தொட்டுவிடுகிறார்கள். அப்புறம் மூலைக்குள் நுழைந்து, நேராகப் போய், திடீரென்று வளைகிறார்கள். குதிரை ஒரே அளவில் வளைந்திருக்கப் பழகுவதற்குத்தானே வட்டம்? அந்த இரண்டு தொடுபுள்ளிகளிலும், A-யிலும், X-லும் ஆளுக்கொரு கோன் வையுங்கள். வாளியைக் கவிழ்த்து வைத்தாலும் சரிதான். ஒரு கோனிலிருந்து அடுத்ததற்கு எத்தனை ட்ராட் அடி என்று எண்ணுங்கள். நாலு கால்வட்டத்திலும் எண்ணிக்கை ஒன்றாக வந்தால் வட்டமும் சரி, வேகமும் சரி.

வட்டத்தின் சுற்றளவு 63 மீட்டர். நிமிடத்துக்கு 220 மீட்டர் என்பது சாதாரண வொர்க்கிங் ட்ராட் வேகம். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 17 நொடி. கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொல்லவில்லை; வெளியே நிற்பவரை எண்ணச் சொல்லுங்கள். முதல் சுற்று 17, மூன்றாவது சுற்று 14 என்றால் குதிரை விரைகிறது, நாம் கவனிக்கவில்லை. நம்முடைய இலக்கே வேகம் கூடாமல் கேன்டர் எடுப்பது. ட்ராட்டிலேயே வேகம் நம் கையில் இல்லையென்றால் கேன்டருக்குப் போவதில் பயனில்லை.

பத்து நிமிடம் முடியும்போது ஒரு சோதனை. வட்டத்தில் இருக்கும்போதே லகானை விரல்களுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிடுங்கள். தளர்ந்த குதிரை கையைத் தேடிக்கொண்டே மூக்கை முன்னும் கீழுமாக நீட்டும், தாளம் மாறாது, பெரும்பாலும் ஒரு பெருமூச்சு விடும். தளராத குதிரை தலையைத் தூக்கும், அல்லது லகானைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். தலை கீழே போய், கூடவே வேகமும் கூடினால் அதைத் தளர்வு என்று நினைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். எடையெல்லாம் முன்தோளில் விழுந்திருக்கிறது, பின்கால்கள் வேலை செய்யவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் இங்கேயே இருங்கள். ஜெர்மன் பயிற்சிப் படிகளில் தாளம் முதலாவது, தளர்வு இரண்டாவது, வாய்த்தொடர்பு மூன்றாவது. உந்துதலும் நேர்ப்படுத்தலும் அதற்கப்புறம்தான், கலெக்‌ஷன் (எடையைப் பின்கால்களுக்கு மாற்றிக் குதிரை தன்னைச் சேர்த்துக்கொள்வது) ஆறாவதாகக் கடைசியில். முதல் இரண்டு வராத நாளில் கேன்டர் வேலையை விட்டுவிட்டு அந்த இரண்டையே அன்றைய இலக்காக மாற்றிக்கொள்வது தோல்வி இல்லை.

ஒரு நிமிடம் வாக். லகான் நீளமாக.

இனி வேலை. முதல் ஐந்து நிமிடத்துக்கு மாற்றங்கள் மட்டும்: ட்ராட் 10 அடி, வாக் 4 அடி, மறுபடி ட்ராட். எட்டுப் பத்து முறை. வாக்குக்கு இறங்கும்போது கையால் இழுத்து நிறுத்தாமல் உங்கள் இடுப்பை நிறுத்துங்கள், வெளி லகானை ஒரு நொடி மூடித் திறங்கள். அந்த மூடித் திறப்புதான் ஹாஃப்-ஹால்ட். திறப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடியே வைத்திருந்தால் அது வெறும் இழுப்பு. ஏழாவது, எட்டாவது மாற்றத்தில் குதிரை வாக்கை எதிர்பார்த்துத் தானே பின்காலை அடியில் கொண்டுவரத் தொடங்கும். அது நமக்கு வேண்டும்.

அடுத்து வலமாக, A முனையில், சுருளும் விரிவும். 20 மீட்டர் வட்டத்தை இரண்டு சுற்றில் மெல்ல 12 மீட்டராகச் சுருக்குங்கள். பிறகு வலது காலால், கிர்த் பக்கத்தில், ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சமாகத் தள்ளி ஒன்றரைச் சுற்றில் பழையபடி 20-க்கு விரியுங்கள். வலது பின்கால் வயிற்றுக்கடியில் குறுக்காக வந்து விழும். வலது தோளில் கிடந்த எடை அங்கிருந்து நகரும். வலது லீடுக்கு வலது முன்கால் தாராளமாக முன்னே நீளவேண்டும். எடை ஏற்றிய காலை யாரால் நீட்ட முடியும்? இந்தக் குதிரைக்கு வலது லீட் வராததன் காரணமே அந்தத் தோள்தான். இந்தச் சுருள் அதைத்தான் திறக்கிறது.

சுருளில் வழக்கமாக நடக்கும் தவறு, விரியும்போது இடது தோள் முந்திக்கொண்டு வெளியே ஓடுவது. வலது லகானை இழுத்துக் கழுத்தை மட்டும் உள்ளே மடித்திருப்பீர்கள். உடம்பு வெளியே போய்க்கொண்டிருக்கும். அந்த நிலையில் கேன்டர் கேட்டால் நூற்றுக்கு நூறு இடது லீட்தான். அதனால் விரிவு முடிந்ததும் உடனே கேட்காமல், இடது லகானை நிலைநிறுத்தி, இரண்டு மூன்று அடி வட்டத்தின் கோட்டில் சரியாக ஓட்டி, அதற்கப்புறம் கேளுங்கள்.

எங்கே கேட்பது, எப்போது கேட்பது என்பதில்தான் இந்தக் காலை முழுவதும் அடங்கியிருக்கிறது. இடம்: வலமாகப் போகும்போது A, K பக்கத் தொடுபுள்ளி, X, F பக்கத் தொடுபுள்ளி, மறுபடி A என்று வரும். F பக்கத் தொடுபுள்ளியைத் தாண்டி A-யை நோக்கிப் போகும் கால்வட்டத்தில் கேளுங்கள். முன்னால் வேலியும் மூலையும் இருப்பதால் குதிரைக்கு வலப்பக்கம் திரும்பப்போகிறோம் என்று தெரியும், ஓட இடமிருக்காது. X-ஐ நோக்கிப் போகும் திறந்த பக்கத்தில் கேட்டால் அத்தனை பெரிய வெளியைப் பார்த்ததும் ஓடத்தான் தோன்றும்.

கணம்: வலது லீட் கேன்டரின் வரிசை இது. முதலில் இடது பின்கால். அடுத்து வலது பின்காலும் இடது முன்காலும் சேர்ந்து. மூன்றாவதாக வலது முன்கால். பிறகு நாலு காலும் காற்றில். ஆக, இடது பின்கால்தான் தொடக்கம். அது தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு நம் சைகை போய்ச் சேரவேண்டும். ரைசிங் ட்ராட்டில் சரியான டயகனலில் இருந்தால், நாம் உட்காரும் தாளத்தில் இடது முன்காலும் வலது பின்காலும் தரையில் இருக்கின்றன. அடுத்து விழப்போவது இடது பின்கால். அதாவது உட்காரும் தாளம்தான் கேட்கும் தாளம். இரண்டு மூன்று அடி உட்கார்ந்தே ஓட்டி, அந்தத் தாளத்தை மனதில் எண்ணிக்கொண்டே, அதில் கேளுங்கள்.

சைகை நாலு, எல்லாம் ஒரே கணத்தில்: இடது லகானில் ஒரு ஹாஃப்-ஹால்ட், வலது கால் கிர்த் பக்கத்தில், இடது கால் ஒரு கையகலம் பின்னால், உதையாமல் தடவுவது போல், வலது உட்காரும் எலும்பு கொஞ்சம் முன்னால். கண் A-க்கு அப்பால். வலது கையைக் கேன்டரின் முதல் அடியோடு சேர்த்து முன்னால் விடுங்கள். விடாவிட்டால், போ என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தியது போல் ஆகிவிடும்.

வந்ததா என்று குனிந்து பார்க்காதீர்கள். குனிந்தால் உங்கள் எடை வலது தோளில் போய் விழுந்து, வந்ததும் கெட்டுவிடும். கண்ணை மட்டும் தாழ்த்தினால் வலது தோள் இடதைவிட முன்னே நீள்வது தெரியும். கொஞ்ச நாளில் இடுப்பே சொல்லிவிடும்.

வந்துவிட்டால் ஒரே ஒரு சுற்று. பிறகு ட்ராட், வாக், நீள லகான், கழுத்தில் ஒரு தட்டு. சுகமாக இருக்கிறதே என்று ஆறு சுற்று ஓட்டினால் குதிரைக்கு எதற்காகப் பாராட்டு என்பது புரியாது, நாலாவது சுற்றில் களைத்துத் தாளமும் கெடும். இங்கே நாம் கற்பிப்பது கேன்டரை அல்ல, கேன்டர் எடுக்கிற அந்த ஒரு நொடியை.

வராவிட்டால்? தவறான லீட் வந்தால் தண்டனை கிடையாது. கேன்டர் எடுத்ததே ஒரு பதில்தான். மெதுவாக ட்ராட்டுக்கு வந்து, வட்டத்தைச் சரிசெய்து, மறுபடி. ட்ராட்டிலேயே ஓட ஆரம்பித்தால் அந்த வேகத்தில் காலை அழுத்தவே கூடாது. ஓட்டத்திலிருந்து உருண்டு விழுகிற கேன்டர் எந்த லீடாக இருந்தாலும் வேண்டாம். வாக்குக்கு வந்து, நாலு அடி, ட்ராட் எட்டு அடி, கேள்வி. இடைவெளி குறைவாக இருந்தால் ஓடுவதற்கு நேரம் இருக்காது. இடது காலை மிகவும் பின்னால் கொண்டுபோய் அடிப்பவர்களுக்கு லீட் கிடைத்துவிடும், ஆனால் பிட்டம் வட்டத்துக்குள் விழுந்து குதிரை கோணலாகப் போகும். இன்றைக்கு வெற்றி போலத் தெரியும். அடுத்த மாதம் அந்தக் கோணலைக் கழற்ற இன்னொரு மாதம் வேண்டியிருக்கும்.

மூன்று முறை தொடர்ந்து தவறினால் ஒரு படி கீழே இறங்குங்கள்: மறுபடி சுருள், அல்லது வெறும் மாற்றங்கள். ஐந்தாவது, ஆறாவது முறை அதே இடத்தில் அதே மாதிரிக் கேட்டால் குதிரை தவறான பதிலை நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளும். இன்னொரு உதவி, A-யில் வட்டக் கோட்டின் மேல் ஒரே ஒரு தரைக் கம்பம் போட்டு, ட்ராட்டில் வந்து கம்பத்தைக் கடக்கும் அடியில் கேட்பது. காலைத் தூக்கவேண்டியிருப்பதால் முன்பக்கம் லேசாகி, பல குதிரைகளுக்கு லீட் எளிதில் வரும்.

முன்பெல்லாம் இரண்டு லீடும் தந்துகொண்டிருந்த குதிரை திடீரென ஒன்றை மறுத்தால் அது பயிற்சிக் கேள்வி இல்லை. சேணம் முதுகில் எங்காவது அழுத்துகிறதா, பின்கால் முட்டியில் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்த்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இந்த 15 நிமிடத்துக்குள் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு நிமிடம் வாக் இருக்க வேண்டும். அந்த இடைவேளை எப்போது விழுகிறது என்பது முக்கியம். நல்ல பதில் வந்த அந்த நொடியில் லகானை விட்டால் பாடம் பதியும். மோசமான முயற்சிக்குப் பிறகு, நமக்கு மூச்சு வாங்குகிறதே என்று விட்டால் அந்த மோசமானதுதான் பதியும். கெட்டதற்கு அப்புறம் ஓய்வு வேண்டுமென்றால் முதலில் எளிதான ஏதாவது ஒன்றை, ஒரு சுத்தமான ஹால்ட்டையாவது, வாங்கிக்கொண்டு விடுங்கள்.

பக்கம் பார்த்து வேலை தருவதிலும் ஒரு வரிசை உண்டு. எளிதான பக்கம் முதலில், பிறகு கடினமான பக்கம், மறுபடி எளிதான பக்கத்தில் முடிப்பது. வலது பக்கம்தான் கட்டை என்று வலத்திலேயே இருபது நிமிடம் ஓட்டினால், பலவீனமான தசைக்கு வலி வரும். அதைக் குதிரை 'வலம் என்றால் வலி' என்று நினைவில் வைத்துக்கொள்ளும். நம் காலையில் வலது லீட் மூன்று முறை கிடைத்ததும் இடத்துக்கு மாறி, ஒரு சுற்று சாதாரண இடது லீட் கேன்டர். அவ்வளவுதான்.

மூன்று என்று எழுதியிருந்தோம். முதல் இரண்டு முறையே அற்புதமாக வந்துவிட்டால் மூன்றாவதைக் கேட்காமலே நிறுத்தலாம். "இன்னும் ஒன்றே ஒன்று" என்பது ஸ்கூலிங்கில் ஆபத்தான வாக்கியம்.

வேலைப் பாகத்தில் ஷோல்டர்-இன் (முன்தோளை உள்ளே எடுத்துக்கொண்டு நேராகப் போவது) எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆசான் லா கெரினியேர் எல்லாவற்றுக்கும் மருந்தாக அதைப் போற்றினார், உண்மையில் மருந்துதான். ஆனால் 30 டிகிரி கோணத்தில் மூன்று தடத்தில் போகிற முழு ஷோல்டர்-இன் இந்தக் குதிரைக்கு இன்னும் சீக்கிரம். முன்தோளை ஒரு கையகலம் மட்டும் உள்ளே எடுக்கிற ஷோல்டர்-ஃபோரை நீளப் பக்கத்தில் வாக்கில் பழக்கலாம். அடுத்தடுத்த வாரங்களில் கேன்டர் எடுப்பதற்கு அதுவே நல்ல வாசல்.

திட்டம் குலைகிற நாள்களும் உண்டு. M மூலையில் யாரோ நீலத் தார்ப்பாயை விரித்துப் போட்டிருப்பார்கள், குதிரை அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று நிற்கும். மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் மூக்கைக் காட்டிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். 10 மீட்டர் தள்ளி வட்டம் போட்டு வேலையைத் தொடருங்கள், சுற்றுக்குச் சுற்று அரை மீட்டர் நெருங்குங்கள், தார்ப்பாயை நீங்கள் பார்க்கவே வேண்டாம். மழை பெய்து மணல் குளம்பு முழுகுமளவுக்கு ஆழமாகிவிட்டால் கேன்டர் வேலையே வேண்டாம். தசைநாருக்கு அது பெரும் சுமை. வாக்கில் லெக்-யீல்டும் (கால் அழுத்தத்துக்கு விலகிப் பக்கவாட்டில் நகர்வது) ஹால்ட்டும் செய்து இறங்கிவிடுங்கள்.

தரைக் கம்பங்கள் தனி நாளுக்கு உரியவை, அவற்றுக்கிடையே விடவேண்டிய இடைவெளியை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாக்குக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர், ட்ராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர், கேன்டருக்கு ஏறத்தாழ 3 மீட்டர். ட்ராட்டில் இரண்டு கம்பம் மட்டும் போட்டால் பல குதிரைகள் இரண்டையும் சேர்த்துத் தாண்டப் பார்க்கும். ஒன்று, இல்லையென்றால் மூன்றோ அதற்கு மேலோ. உருளைக் கம்பம் மிதிபட்டு உருண்டால் காலைச் சுளுக்கிவிடும். இரு முனையிலும் மணலைக் குவித்து அசையாமல் பண்ணுங்கள்.

கடைசி பத்து நிமிடம். இரண்டு நிமிடம் ரைசிங் ட்ராட், கழுத்தை நீட்டவிட்டு, பெரிய வட்டம், இரண்டு திசையிலும். முதல் பாகத்தின் முடிவில் செய்த அதே லகான் சோதனைதான். அப்போதைவிட இப்போது கழுத்து சுலபமாக நீண்டால் இன்றைய வேலை குதிரையின் உடம்புக்கு நல்லது செய்திருக்கிறது. நீளவில்லையென்றால் நடுவில் எங்கோ அளவு மீறிவிட்டோம். பிறகு வாக் எட்டு நிமிடம், கிர்த்தை ஒரு துளை தளர்த்தி. சூடு தணியாமல் லாயத்தில் கொண்டுபோய்க் கட்டினால் அடுத்த நாள் தசை விறைத்திருக்கும்.

இறங்கியதும் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு, நாடித்துடிப்பு 28 முதல் 44. நாடியைத் தாடை எலும்புக்குக் கீழே ஓடும் தமனியில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்கலாம். இந்த அளவு வேலைக்குப் பிறகு 10, 15 நிமிடத்தில் துடிப்பு 60-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்றாடி இருந்தால் போடுங்கள்; அப்படியும் இறங்காவிட்டால் மருத்துவருக்குத் தகவல். வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிற்று வலி வரும் என்று லாயங்களில் இன்னும் சொல்கிறார்கள். குடிக்கத் தாராளமாக விடலாம். வேர்த்துப் போனதைத்தானே அது கேட்கிறது.

வாரத்தில் இப்படி இலக்கு வைத்த ஸ்கூலிங் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. நடுவில் கம்பம் ஒரு நாள், லாஞ்ச் (நீளக் கயிற்றில் பிடித்துச் சுற்றவிடுவது) ஒரு நாள், வெளியே நீளமான நடை ஒரு நாள், முழு ஓய்வு ஒரு நாள். அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே கேன்டர் பாடத்தைக் கேட்கவேண்டாம். ஒரு நாள் இடைவெளி விட்டுக் கேட்டால் பெரும்பாலும் விட்ட இடத்தைவிட ஒரு படி மேலே நிற்கும்.

லாயச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு காலைக்கும் மூன்று வரி எழுதுங்கள்: இலக்கு, எத்தனை முயற்சியில் எத்தனை கிடைத்தது, எந்த இடத்தில் கேட்டது. "வலது லீட், 5-க்கு 3, F தாண்டி. இரண்டாவது முயற்சியில் ஓடியது, வாக்கிலிருந்து கேட்டதும் சரியானது." அடுத்த முறை வேறொருவர் ஏறினாலும் X பக்கம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்.